காசநோய்: மூன்று வாரத்தில் இருமல் நின்ற பிறகும் மாத்திரை ஏன் ஆறு மாதம்?

பூவரசு:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 31. லேத் பட்டறையில் வேலை செய்கிறான். இரண்டு மாதமாக மாலை நேரக் காய்ச்சலும் இருமலும் விடாமல் இருந்ததால் சளிப் பரிசோதனை செய்தோம். காசநோய் என்று உறுதியாகி, அரசு மருத்துவமனையில் மாத்திரை தொடங்கி இன்றோடு ஐந்து வாரங்கள் ஆகின்றன. எடை 41 கிலோ என்பதால் தினமும் காலையில் மூன்று மாத்திரை.

மூன்றாம் வாரத்திலேயே இருமல் நின்றுவிட்டது, பசி எடுக்கிறது, இரவில் வியர்த்துத் தலையணை நனைவதும் இல்லை. இப்போது அவன், "கிருமி செத்துவிட்டது, இனியும் எதற்காக வயிற்றைப் புரட்டும் மாத்திரையை விழுங்க வேண்டும்?" என்று கேட்கிறான். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைப் பார்த்து, மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்றும் பயப்படுகிறான். அம்மாவோ அவனுக்குத் தட்டும் தம்ளரும் தனியாக எடுத்து வைத்துவிட்டு, தோளில் தடுப்பூசித் தழும்பு இருந்தும் இந்த நோய் எப்படி வந்தது என்று அழுகிறார். மருத்துவர் சொன்னார் என்ற ஒன்றை மட்டும் சொல்லி அவனை ஆறு மாதம் நகர்த்த என்னால் முடியாது. நுரையீரலுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை அவனுக்குப் புரியும்படி யாராவது விளக்குவீர்களா?

உயிரியல் ஆசிரியர்:

சகோதரி, உங்கள் தம்பியின் கேள்வி நியாயமானது. அதற்கான விடை அந்தக் கிருமியின் இயல்பிலேயே இருக்கிறது.

நோய்க்கிருமிகள் எல்லாம் ஒரே வழியில் உடலைக் கெடுப்பதில்லை. காலராக் கிருமி குடல் சுவரைத் துளைத்து உள்ளே போவதுகூட இல்லை. மேலே ஒட்டிக்கொண்டு ஒரு நச்சைச் சுரக்கிறது, அந்த நச்சு குடல் செல்களை உப்பையும் நீரையும் வெளியே கொட்ட வைக்கிறது. டெட்டனஸ் கிருமி காயத்திலேயே தங்கிவிட, அதன் நச்சு மட்டும் நரம்பைப் பற்றித் தாடையை இறுக்குகிறது. காசநோய்க் கிருமி செல்லும் வழி வேறு. நம்மைக் காக்க வேண்டிய செல்லுக்குள்ளேயே அது குடியேறுகிறது.

நோயாளி இருமும்போது காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய துளிகளில் ஏறி, கிருமி நுரையீரலின் கடைசிக் காற்றுப் பைகள் வரை போய்ச் சேர்கிறது. அங்கே காவல் இருக்கும் பெரிய விழுங்கு செல்கள் அதை உடனே விழுங்குகின்றன. வேறு கிருமியாக இருந்தால் விழுங்கிய பைக்குள் அமிலமும் செரிமான நொதிகளும் வந்து சேர்ந்து அதைக் கரைத்துவிடும். காசநோய்க் கிருமியோ, அந்த நொதிப் பை தன்னைச் சுற்றியுள்ள பையோடு இணைவதையே தடுத்துவிட்டு, மைகோலிக் அமிலம் என்ற மெழுகு போன்ற கொழுப்பால் ஆன தடித்த சுவருக்குள் பத்திரமாக இருந்துகொண்டு பெருகுகிறது.

சில வாரங்களில் உடல் விழித்துக்கொள்கிறது. டி செல்கள் எனப்படும் வெள்ளை அணுக்கள் வந்து, இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் பொருளைச் சுரந்து, விழுங்கு செல்களின் கொல்லும் ஆற்றலைக் கூட்டுகின்றன. கொல்ல முடியாத கிருமிகளைச் சுற்றிச் செல்கள் அடுக்கடுக்காகச் சூழ்ந்து சிறு முடிச்சுகளாகக் கட்டுகின்றன. உலக மக்கள்தொகையில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் இந்தக் கிருமியின் தொற்றுக்கு ஆளானவர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கே வாழ்நாளில் நோய் வெளிப்படுகிறது. மற்றவர்களிடம் இந்த முடிச்சு தாக்குப்பிடிக்கிறது.

அது தாக்குப்பிடிக்காதபோது, முடிச்சின் நடுப்பகுதி செத்து, திரிந்த பாலைப் பிழிந்து வைத்தாற்போல் வெண்மையாகிறது. பிறகு அது இளகி மூச்சுக்குழாய்க்குள் உடைந்துகொள்ள, நுரையீரலில் ஒரு குழி மிஞ்சுகிறது. எக்ஸ்ரேயில் தெரியும் வட்டம் அதுதான். காற்று தாராளமாகக் கிடைக்கும் அந்தக் குழியின் சுவரில் ஏறக்குறைய 10 கோடி கிருமிகள் இருக்கக்கூடும்.

இனி உங்கள் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கிருமிகள் எல்லாம் ஒரே நிலையில் இல்லை. குழிச்சுவரில் இருப்பவை வேகமாகப் பெருகுகின்றன. சில, அழற்சியால் அமிலமான இடங்களில் மெதுவாகப் பெருகுகின்றன. சில, நீண்ட நேரம் அசையாமல் கிடந்து அவ்வப்போது மட்டும் விழிக்கின்றன. வேகமாகப் பெருகுவது என்பதும் இந்தக் கிருமியின் அளவுகோலில்தான். குடலில் வாழும் ஈ. கோலை 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். இதற்கு ஏறக்குறைய 20 மணி நேரம் வேண்டும். பெரும்பாலான மருந்துகள் கிருமியின் வேலையைத்தான் தாக்குகின்றன: சுவர் கட்டும்போது சுவரை, புரதம் செய்யும்போது அந்தச் செய்கையை. வேலையே செய்யாமல் கிடக்கும் கிருமியைத் தாக்க மருந்துக்குப் பிடி கிடைப்பதில்லை. முதல் சில வாரங்களில் செத்தவை வேகமாகப் பெருகியவை. இருமலை உண்டாக்கியவையும் அவையே. மிச்சம் கிடப்பவை விழிக்கும் நாளில் மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஆறு மாதம்.

கண்ணாடி வில்லை:

நான் சளிப் பரிசோதனைக் கூடத்தில் 17 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். ஆசிரியர் ஐயா சொன்னதை நுண்ணோக்கியின் பக்கத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன்.

சளி டப்பாவைத் திறந்ததும், எச்சிலை ஒதுக்கிவிட்டுக் கெட்டியான மஞ்சள் பகுதியை ஈர்க்குச்சியின் நுனியால் எடுத்துக் கண்ணாடி வில்லையில் தேய்ப்போம். உலர்ந்த பின் தீயில் காட்டி, சிவப்புச் சாயத்தை ஊற்றி, ஆவி எழும் வரை கீழிருந்து சூடாக்குவோம். பிறகு 25 விழுக்காடு கந்தக அமிலத்தை ஊற்றினால் மற்ற எல்லாவற்றின் சாயமும் கழுவிக்கொண்டு போய்விடும்; மெழுகுச் சுவருக்குள் புகுந்த சாயத்தை மட்டும் அமிலத்தால் வெளியே இழுக்க முடியாது. கடைசியாக நீலச் சாயம். நீலப் பரப்பில் மெல்லிய, சற்றே வளைந்த சிவப்புக் கோடுகள் இரண்டும் மூன்றுமாகக் கிடப்பதைப் பார்க்கும்போது, எந்தச் சுவர் இந்தக் கிருமியைக் காப்பாற்றுகிறதோ அதே சுவர்தான் அதைக் காட்டியும் கொடுக்கிறது என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும்.

உங்கள் தம்பியிடம் ஒன்றைத் தவறாமல் சொல்லுங்கள். ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் எங்கள் கண்ணுக்கு ஒன்றாவது தட்டுப்படும். ஆகவே நாங்கள் ‘கிருமி இல்லை’ என்று எழுதிக் கொடுப்பதற்கு, இந்த முறையில் காணும் அளவுக்கு இல்லை என்பதுதான் பொருள். இருமல் நின்றது என்பது அதைவிடவும் பலவீனமான சான்று.

வேப்பங்காற்று:

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்திலேயே என் கேள்வி இருக்கிறது. நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு மேல் உடல் தானாகவே இந்தக் கிருமியை அடக்கி வைக்கிறது என்றால், ஆறு மாதம் வீரியமான மருந்தைக் கொடுப்பதைக் காட்டிலும் அந்த எதிர்ப்பாற்றலைக் கூட்டுவதுதானே இயல்பான வழி? நல்ல உணவு, ஓய்வு, மூலிகைக் கஷாயம் இவற்றால் என் பாட்டனார் காலத்தில் பலர் தேறியிருக்கிறார்கள். மருந்தை மறுக்கவில்லை, உடலை நம்பாமல் மருந்தை மட்டும் நம்புவது சரியா என்றே கேட்கிறேன்.

உயிரியல் ஆசிரியர்:

நண்பரே, ‘எதிர்ப்பாற்றலைக் கூட்டுவது’ என்ற சொற்றொடர், ஒரு குமிழைத் திருகினால் ஒளி கூடுவதுபோல இது நடக்கும் என்று நம்ப வைக்கிறது. காசநோயில் அது உண்மையல்ல. நான் மேலே சொன்ன குழியை உண்டாக்குவதில் பெரும்பங்கு நம் உடலின் தாக்குதலுக்கே உரியது. கிருமியோடு போரிடும் செல்கள் விடுவிக்கும் நொதிகள் நுரையீரல் திசுவையும் சேர்த்தே அரிக்கின்றன. எச்.ஐ.வி. முற்றி டி செல்கள் குறைந்துபோனவர்களின் நுரையீரலில் காசநோய் இருந்தும் குழி விழுவது அரிதாக இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் முடிச்சு கட்ட ஆளில்லாததால் கிருமி உடல் முழுவதும் பரவிவிடுகிறது.

இதில் டி.என்.எஃப். என்ற சமிக்ஞைப் பொருளின் கதை முக்கியமானது. முடிச்சை முடிச்சாக நிறுத்தி வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. மூட்டு அழற்சிக்காக அதை அடக்கும் மருந்து எடுத்துக்கொண்ட சிலருக்குப் பல ஆண்டுகளாக உறங்கிக் கிடந்த காசநோய் கிளம்பியது. அதே பொருள் அளவுக்கு மீறினால் பசியைக் கெடுத்து, தசையைக் கரைத்து, ஆளை உருக்கிவிடுகிறது. நம் முன்னோர் இந்த நோய்க்கு எலும்புருக்கி என்று பெயர் வைத்தது எவ்வளவு கூர்மையான கவனிப்பு! மூளை உறையில் காசநோய் வந்தால், கிருமிகொல்லி மருந்தோடு, எதிர்ப்பாற்றலின் சீற்றத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தையும் மருத்துவர்கள் சேர்த்துத் தருகிறார்கள். உடல் தானாக அடக்கும் நிலை கைமீறிப் போன பிறகுதான் இருமலும் குழியும் வருகின்றன என்பதால், அந்தக் கட்டத்தில் உடலை மட்டும் நம்பிக் காத்திருப்பது ஆபத்து.

சேத்துப்பட்டு:

ஓய்வும் உணவும் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு உலகத்துக்கே விடை சொன்ன ஊர் சென்னை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

1928இல் மருத்துவர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய்ச் சானடோரியத்தைத் தொடங்கியபோது கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் கையில் இல்லை. நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவையே வைத்தியம். ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற ரயில் நிலையத்தின் பெயரில் அந்தக் காலம் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு மருந்துகள் வந்தன; ஆனால் படுக்கைகள் போதவில்லை. வீட்டிலேயே வைத்து மருந்து கொடுக்கலாமா, அப்படிக் கொடுத்தால் குடும்பத்தாருக்குத் தொற்றிவிடாதா என்ற ஐயம் எழுந்தது. அதைத் தீர்க்கவே 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய அந்த மையத்துக்குத் தலைமை தாங்கியவர் வாலஸ் ஃபாக்ஸ். சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான்.

நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியினரைச் சானடோரியத்திலும் மறு பாதியினரை அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலும் வைத்து, இரு சாராருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், அதிக எடையும் போட்டார்கள். வீட்டில் இருந்தவர்களோ குறைவாகச் சாப்பிட்டு, சீக்கிரமே வேலைக்கும் போனார்கள். ஆயினும் 1959இல் முடிவு வெளிவந்தபோது, நோய் அடங்கியதில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்குத் தொற்று கூடுதலாகவும் இல்லை. உங்கள் தம்பி இன்று உங்கள் வீட்டிலேயே படுத்து உங்களோடு பேசிக்கொண்டிருக்க முடிவதற்கு அந்த ஆய்வும் ஒரு காரணம், அம்மா. தட்டையும் தம்ளரையும் தனியாக வைக்கத் தேவையே இல்லை. இந்த நோய் காற்றில் பரவுவது, தட்டில் பரவுவதில்லை. சன்னலைத் திறந்து வையுங்கள்.

வேப்பங்காற்று:

சேத்துப்பட்டு ஐயாவுக்கு நன்றி. அந்த ஆய்வை நான் அறிந்திருக்கவில்லை. மருந்துக்கு மாற்றாக உணவு நிற்காது என்பதை ஏற்கிறேன். ஆனாலும் உணவை அடியோடு விட்டுவிடக் கூடாது என்பதற்கு ஜார்க்கண்டில் நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வு சான்றாக இருக்கிறது. காசநோயாளிகளின் வீட்டாரில் ஒரு பிரிவினருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் கொடுத்ததில், அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்ததாக 2023இல் முடிவு வெளியாயிற்று. பூவரசு, மாத்திரை தம்பிக்கு, பருப்பு வீட்டில் எல்லோருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடலோரம்:

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு 2011இல் காசநோய் வந்தது. அப்போது வாரத்துக்கு மூன்று நாள் மருந்து. நான்கு மருந்தும் இப்போதுபோல ஒரே மாத்திரையில் சேர்ந்திருக்காது, அட்டையில் தனித்தனியாக இருக்கும். முதல் இரண்டு மாதம் சுகாதார நிலையத்தில் ஊழியரின் கண்முன்னால் விழுங்கினேன். பிறகு அட்டையை வீட்டுக்குக் கொடுத்தார்கள். எனக்கு வயிற்றைப் புரட்டியது வெள்ளை மாத்திரைகள் என்று நானே முடிவு செய்துகொண்டு, சிவப்பு மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு மற்றவற்றைத் தென்னை மரத்தடியில் போட்டேன். நான்காம் மாதத்தில் வேலைக்காக வெளியூர் போனபோது அதையும் விட்டுவிட்டேன். உடம்பு நன்றாகவே இருந்தது.

பதினான்கு மாதம் கழித்து இருமல் திரும்பியது. அந்தச் சிவப்பு மருந்து என் கிருமியிடம் இனி வேலை செய்யாது என்று பரிசோதனையில் தெரிந்தது. அதன் பிறகு இரண்டு ஆண்டுகளுக்குச் சிகிச்சை. அதில் பல மாதங்கள் ஊசி. இடுப்பில் ஊசி போட இடமில்லாமல் கட்டிப்போயிருந்தது. நோய் குணமாகிவிட்டது, ஆனால் ஊசியால் போன செவித்திறன் திரும்பவில்லை. என் பேத்தி கொலுசு போட்டுக்கொண்டு ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் கேட்பதில்லை. உங்கள் தம்பியிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

உயிரியல் ஆசிரியர்:

கடலோரம் ஐயா, இதை எழுதியதற்காக உங்களை வணங்குகிறேன். உங்கள் உடலில் நடந்ததன் கணக்கை மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

கிருமி பெருகும்போது தற்செயலாகப் பிழைகள் நேர்கின்றன. ஏறக்குறைய 10 லட்சத்தில் ஒரு கிருமி ஐசோநியாசிட் என்ற மருந்துக்கும், 10 கோடியில் ஒன்று ரிஃபாம்பிசின் என்ற அந்தச் சிவப்பு மருந்துக்கும் இயல்பாகவே அடங்காததாகப் பிறந்துவிடுகிறது. குழிக்குள் 10 கோடி கிருமிகள் இருந்தால், ஒரு மருந்தை மட்டும் கொடுக்கும்போது அதற்கு அடங்காத சில ஏற்கெனவே அங்கே காத்திருக்கும். மற்றவை செத்த இடத்தில் அவை பெருகும். இரண்டுக்கும் ஒருசேர அடங்காத ஒன்று பிறக்க வேண்டுமானால் நூறு லட்சம் கோடி கிருமிகள் வேண்டும், அத்தனை கிருமிகளுக்கு எந்த நுரையீரலிலும் இடமில்லை. மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதன் அடிப்படை இந்தப் பெருக்கல் கணக்குதான்.

பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தைத் தனியாகக் கொடுத்துச் செய்து 1948இல் முடிவு வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்தில் நோயாளிகள் வியக்கத்தக்க அளவில் தேறினார்கள். ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது, மருந்தே பெறாதவர்களுக்கும் அவர்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு பெரும்பாலும் கரைந்துபோயிருந்தது. மருத்துவ உலகமே கற்றுக்கொண்டிருந்த பாடம் அது. தனி ஒரு மனிதராக நீங்கள் உங்களைக் குற்றவாளியாக்கிக்கொள்ள வேண்டாம். இன்று ரிஃபாம்பிசினுக்கு அடங்காத நோயா என்பதைச் சிபிநாட் என்ற மரபணுப் பரிசோதனை சுமார் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது; பெடாகுலின் போன்ற மருந்துகளால், தகுதியானவர்களுக்கு ஊசியில்லாமல் ஆறு மாதச் சிகிச்சையும் இந்தியாவில் வந்திருக்கிறது.

மருந்துக் கடை:

நான் மருந்தாளுநர். அந்த ஒரே மாத்திரைக்குள் இருக்கும் நான்கு மருந்துகளைப் பற்றிச் சொல்கிறேன்.

ஐசோநியாசிட், கிருமி மெழுகுச் சுவர் கட்டுவதை நிறுத்துகிறது. வேகமாகப் பெருகும் கிருமிகளில் பெரும்பகுதியை முதல் சில நாள்களிலேயே கொல்வது இதுதான். எத்தாம்புட்டால் அதே சுவரின் வேறொரு பகுதியைக் கெடுப்பதோடு, மற்ற மருந்துகளுக்கு எதிராகக் கிருமி தப்பிவிடாமல் துணை நிற்கிறது. பைரசினமைட், அமிலமான இடங்களில் ஒதுங்கியிருக்கும் கிருமிகளைத் தேடிக் கொல்லும்; சிகிச்சைக் காலம் ஒன்பது மாதத்திலிருந்து ஆறாகக் குறைந்ததில் இதற்குப் பங்குண்டு. ரிஃபாம்பிசின், கிருமி தன் மரபணுவைப் படிப்பதையே தடுக்கிறது. உறங்கும் கிருமி சிறிது நேரம் விழித்தாலும் அதற்குள் கொன்றுவிடும் தன்மை இதற்கு உண்டு.

சிறுநீரில் செம்மஞ்சள் நிறத்தைத் தருவதும் ரிஃபாம்பிசின்தான். அது ரத்தமல்ல, மருந்தின் சொந்த நிறம். வியர்வையிலும் கண்ணீரிலும்கூட வரும். அதற்காகப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியவை வேறு: கண் மஞ்சளாவது, நிற்காத வாந்தி, பார்வை மங்குவது அல்லது சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாமல் போவது. இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கால் பாதத்தில் எரிச்சல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஐசோநியாசிட்டால் அது வரும், அதற்கு வைட்டமின் பி6 தருவார்கள். வாந்தி வருகிறது என்று நீங்களாக மாத்திரையைக் குறைக்க வேண்டாம். சாப்பிடும் நேரத்தை மாற்றுவது பற்றி மருத்துவரிடமே கேளுங்கள்.

கண்ணாடி வில்லை:

அம்மாவின் தழும்புக் கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. பி.சி.ஜி. தடுப்பூசி, குழந்தைகளுக்கு வரும் மூளை உறைக் காசநோயையும் உடல் முழுதும் பரவும் காசநோயையும் நன்றாகத் தடுக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பது, 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கி, ஏறக்குறைய இரண்டரை லட்சம் மக்களிடம் நடத்திய ஆய்வில் தெரிந்தது. அம்மா ஊசி போட்டதில் தவறே இல்லை. குழந்தைப் பருவத்தில் அது தன் வேலையைச் செய்திருக்கிறது.

பூவரசு:

அனைவருக்கும் என் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கடலோரம் ஐயாவின் பதிவைத் தம்பியிடம் படித்துக் காட்டினேன். கொலுசு என்ற வரியில் அவன் தலையைக் குனிந்துகொண்டான். அன்றிலிருந்து மாத்திரையைப் பற்றி வாதாடவில்லை. மாத்திரைக்கும் காலை உணவுக்குமான நேரத்தை மருத்துவர் மாற்றிக் கொடுத்த பிறகு வாந்தியும் குறைந்துவிட்டது.

நேற்று இரண்டாம் மாத முடிவுப் பரிசோதனை. சளியில் கிருமி காணப்படவில்லை. எடை 44 கிலோ. இனி நான்கு மாதம் பைரசினமைட் இல்லாத மாத்திரை, அதுவும் தினம் மூன்று. சீட்டை வாங்கியவுடன் அவன், "காணும் அளவுக்கு இல்லை, அவ்வளவுதானே, அக்கா?" என்று கேட்டுக்கொண்டே புதிய அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அம்மா இன்னும் தட்டைத் தனியாகத்தான் கழுவுகிறார், ஆனால் இப்போது ஒரே அடுக்கில் கவிழ்த்து வைக்கிறார்.